ஈரம் காயாத சுவருக்கு வண்ணம் எதற்கு?

வீட்டுக் கடனின் கடைசிப் பகுதித் தொகையைக் கேட்டு வரும் வாடிக்கையாளர்களில் பலர் கையில் ஒரு தேதியோடுதான் வருகிறார்கள். புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. சுவரில் பூச்சு வேலை முடிந்தோ பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் பட்டி, பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்கிறார்கள். இந்த அவசரம் வேண்டாம் என்பதே நம் கருத்து. வங்கிக்காரர்களாயிற்றே, அதைக் கணக்காகவும் சொல்ல விரும்புகிறோம்.

சிமென்ட் வெறுமனே காய்வதால் இறுகுவதன்று. நீரோடு வினைபுரிந்து இறுகுவது. பூசிய சுவருக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் காட்டுவது அதற்காகத்தான். டெல்லி, ராஜஸ்தான் பக்கத்துக் கோடையில் இதில் சிக்கனம் பார்த்தால் மயிரிழை விரிசல்கள் தோன்றும். வினைக்குப் பயன்பட்டது போக மீந்த நீர் சுவருக்குள்ளிருந்து மெல்ல வெளியேறியாக வேண்டும். மேலும், புதிய சிமென்ட் பூச்சு கடும் காரத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு 12-ஐத் தாண்டும். ஈரமும் காரமும் சேர்ந்திருக்கும் சுவரில் எண்ணெய் சார்ந்த பெயின்ட்டை அடித்தால், சோப்பு உருவாகும் அதே வேதிவினை அங்கும் நிகழ்ந்து பெயின்ட் பிசுபிசுத்துப் போகும். எமல்ஷன் அவ்வளவு எளிதில் கெடாது. ஆயினும் நிறம் திட்டுத்திட்டாக வெளிறும், கொப்புளம் விடும், நீரோடு வெளிவரும் உப்பு வெண்பொடியாகப் பூக்கும். பூச்சுக்குப் பின் 28 நாளாவது விட வேண்டும் என்று சொல்லப்படுவதன் காரணம் இதுவே. அதுவும் குறைந்தபட்சக் கணக்குதான். கொங்கணக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், சென்னையில் ஐப்பசி, கார்த்திகையிலும் பூசிய சுவருக்கு அந்த 28 நாள் போதாது.

முன்பெல்லாம் புது வீட்டுக்கு வெள்ளையடித்துக் குடிபுகுந்து, ஓராண்டு மழையும் வெயிலும் கண்ட பிறகே வண்ணம் பூசும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. பணத் தட்டுப்பாடும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் சுண்ணாம்பு தானும் காரப்பொருள் என்பதால் சுவரின் காரம் அதை ஒன்றும் செய்வதில்லை. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறவும் அது வழிவிடும்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு மாதம் பொறுத்தால் வாடகையும் வட்டியும் சேர்ந்து அழுத்தும் என்பது வாடிக்கையாளர்களின் அச்சம். ஏற்கெனவே பெற்ற தொகைக்கான வட்டி, நாம் எந்த வீட்டில் குடியிருந்தாலும் கட்ட வேண்டியதே. பெறாத தொகைக்கு வட்டி இல்லை. ஆகவே தாமதத்தின் உண்மையான விலை ஒரு மாத வாடகைதான். அதை 12,000 ரூபாய் என்று கொள்வோம். மறுபுறம், 1,000 சதுர அடி வீட்டில் சுவரும் கூரையின் உட்புறமும் சேர்ந்து ஏறத்தாழ 3,000 சதுர அடி வரும். சதுர அடிக்கு 20 ரூபாய் என்று வைத்தாலும் 60,000 ரூபாய். உரிந்த பெயின்ட்டைச் சுரண்டும் கூலியும், கட்டிலையும் பீரோவையும் நகர்த்தும் பாடும் தனி. இந்த இரண்டாம் செலவைச் சமாளிக்கப் பலரும் நாடுவது வீட்டுக் கடனைவிட வட்டி கூடிய தனிநபர் கடனை.

"வெள்ளை சிமென்ட் பட்டி வைக்க எப்படியும் சுவரை நனைக்கத்தானே வேண்டும், காய்ந்தால் என்ன, காயாவிட்டால் என்ன?" என்று சில ஒப்பந்ததாரர்கள் கேட்பதுண்டு. மேலாக நனைப்பது வேறு, சுவருக்குள் தங்கிய நீர் வேறு. முன்னது விரைவில் போய்விடும்; பின்னது பட்டியையும் பிரைமரையும் தள்ளிக்கொண்டு வெளிவரும்.

வாக்குவாதம் தேவையில்லை. ஒன்றரை அடிச் சதுரமான பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பிரித்துப் பார்க்கலாம். உட்புறத்தில் நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் ஆயத்தமாகவில்லை. குளியலறையை ஒட்டிய சுவரில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். உப்பு பூத்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போகும். பலரும் கவனிக்காத ஒன்று, மின்குழாய்க்காகக் காடி வெட்டிப் பின்னர் அடைத்த இடங்கள். அவை மற்றச் சுவரைவிட வயதில் இளையவை. அவற்றுக்கு அடைத்த நாளிலிருந்து 28 நாள் எண்ண வேண்டும். எண்ணாமல் விட்ட வீடுகளில் எமல்ஷனுக்கு மேல் குழாய் ஓடும் வழி கோடாகத் தெரியும்.

நாளை மாற்ற இயலாதவர்கள் சிமென்ட் சுவரோடேயே பால் காய்ச்சிவிடலாம், குறைவொன்றும் இல்லை. விழாவுக்காக மேலோட்டமாகச் சுண்ணாம்பு அடித்தால் மட்டும், எமல்ஷனுக்கு முன் அதை முழுவதும் சுரண்டியாக வேண்டும், இல்லாவிட்டால் அதோடு சேர்ந்து உரிந்து வரும். வண்ண வேலைக்கான தொகையைச் சுவர் காய்ந்த பின்னரே கேட்டுப் பெறலாம். அனுமதிக் கடிதத்தில் அதற்குக் காலவரம்பு உள்ளதா என்பதை மட்டும் முன்கூட்டியே கிளையில் கேட்டுக்கொள்வது நல்லது.