சூட்டின் மேல் பழி போடாதீர்கள்



கோடை வந்தால் நம் செம்பட்டியில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சு: "நீர்க்கடுப்பு... எல்லாம் சூடுதான்." உடனே தொப்புளில் விளக்கெண்ணெய், கால் பெருவிரலில் சுண்ணாம்பு, ஓர் இளநீர். இளநீரை நான் குறை சொல்லவில்லை. சூட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு மற்றவர்கள் தப்பித்துக்கொள்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சிறுநீர்ப்பை அழற்சி பெரும்பாலும் கிருமியால் வருவது. நம் குடலில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியா சிறுநீர்த் துவாரம் வழியாக மேலே ஏறிவிடுகிறது. அந்தப் பாதை ஆண்களுக்குச் சுமார் 20 செ.மீ., பெண்களுக்கு வெறும் 4 செ.மீ. அதனால்தான் பெண்களுக்கு அதிகம் வருகிறது. தண்ணீர் குடித்து, முட்டும்போதே போய்விட்டால் கிருமி வெளியேறும். அடக்கினால் உள்ளேயே பெருகும்.

ஏன் அடக்குகிறார்கள்? துணிக்கடையில் நிற்கும் பெண்ணையும், நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கும் பெண்ணையும் கேளுங்கள். "போக இடமில்லை, அதனால தண்ணியே குடிக்கிறதில்லை" என்பார்கள்.

பள்ளிகளில்? பெண்பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். ஆறு மாதத்தில் கட்டுங்கள் என்றது 2012-ல் உச்ச நீதிமன்றம். 2025-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'வாட்டர் பெல்' வந்தது. நல்லது. ஆனால் குடித்த தண்ணீர் எங்கே போகும்? கட்டிடம் மட்டும் போதாது. குழாயில் தண்ணீர், கதவில் தாழ்ப்பாள், தினமும் சுத்தம் வேண்டும். "பீரியட் முடியட்டும், உட்கார்" என்று அதட்டும் ஆசிரியர்களே, உடம்புக்கு டைம்டேபிள் தெரியுமா?

எரிச்சல், அடிக்கடி முட்டிக்கொண்டு வந்து சொட்டுச் சொட்டாகப் போவது, அடிவயிற்று வலி, கலங்கல், ரத்தம் இருந்தால் டாக்டரைப் பார்த்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். குளிர்காய்ச்சல், விலாப்பக்க முதுகுவலி, வாந்தி வந்தால் கிருமி சிறுநீரகம் வரை போயிருக்கலாம், அன்றைக்கே ஓடுங்கள். கர்ப்பிணிகள், சர்க்கரை உள்ளவர்கள், குழந்தைகள், ஆண்கள் நாள் கடத்தவே கூடாது. மெடிக்கலில் நீங்களாக மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். கண்டபடி ஆன்டிபயாட்டிக் தின்றால் அடுத்த முறை அது கேட்காமல் போகும். டாக்டர் சொன்ன நாள் வரை முழுதாகச் சாப்பிடுங்கள்.

என்னிடம் படித்தவர்களில் கடை முதலாளிகள், தலைமையாசிரியர்கள், வார்டு உறுப்பினர்கள் இருக்கிறீர்கள். இந்த வாரம் உங்கள் இடத்துக் கழிப்பறைக்குள் நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் மகளை அங்கே அனுப்புவீர்களா? பதிலைக் கமென்ட்டில் எழுதுங்கள், டீச்சர் படிப்பேன்.