39 மார்க்!

ஏப்ரல் பிறந்தால் உங்கள் ஆபீஸுக்கு ஒரு பையன் வருவான். வயசு இருபத்தொன்று இருக்கும். மீசை 'வரலாமா, வேண்டாமா' என்று யோசித்துக் கொண்டிருக்கும். இருபது வருஷம் சர்வீஸ் போட்ட உங்களைப் பார்த்து, ''சார், இந்த ஆட்டோ சார்ஜுக்கு வவுச்சர் எங்கே?'' என்பான். நீங்கள் நெளிவீர்கள். மானேஜரோ அவனுக்கு மட்டும் காபியும் முந்திரி பக்கோடாவும் வரவழைப்பார். ஆடிட்டர் ஆபீஸ் ஆர்ட்டிகிள் என்றால் சும்மாவா!

அந்த நாற்காலியில் வந்து உட்கார அவன் பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்தால், பக்கோடாவோடு பாதாம் அல்வாவும் சேர்த்து வாங்கிக் கொடுப்பீர்கள்.

சி.ஏ. பட்டம் தரும் இன்ஸ்டிடியூட் 1949 ஜூலை 1-ம் தேதி பிறந்தது. நாடு குடியரசாவதற்கு ஆறேழு மாதம் முன்னாடி! அரசியல் சட்டம் அமலுக்கு வரும் முன்பே கணக்குக் கேட்க ஆள் போட்டுவிட்டோம்.

பரீட்சை மூன்று கட்டம். ஃபவுண்டேஷனில் நாலு பேப்பர். அதில் இரண்டில் தப்பாக டிக் அடித்தால் கால் மார்க் பறிபோகும். அப்புறம் இன்டர், ஆறு பேப்பர். ஃபைனலும் ஆறு. இந்த ஆறையும் மூணு மூணாக இரண்டு குரூப்பாகப் பிரித்திருக்கிறார்கள்.

பாஸ் மார்க் விஷயத்தில்தான் வேடிக்கையே. ஒவ்வொரு பேப்பரிலும் 40 வாங்கணும். குரூப் மொத்தத்தில் பாதியும் வாங்கணும். மூன்று பேப்பரிலும் நாற்பது நாற்பதாக எடுத்தால்? மொத்தம் 120. ஆனால் வேண்டியது 150. ஆக, எல்லா பேப்பரிலும் பாஸ், குரூப்பில் ஃபெயில்! சரி, 80, 80, 39 எடுத்தால்? மொத்தம் 199. அதுவும் ஃபெயில்! (ஆறுதலாக, 60 தாண்டிய பேப்பர்களை அடுத்த மூன்று முறை திரும்ப எழுத வேண்டாம்.) பக்கத்து வீட்டு மாமி மட்டும், ''ஒரு மார்க்தானேடா, கேட்டா போட மாட்டாளா?'' என்பார்.

என் அக்கா பையன் பி.காம். முதல் வருஷம். போன வாரம் வந்து உட்கார்ந்தான்.

''மாமா, சி.ஏ. சேரலாம்னு இருக்கேன். ஆனா அப்பா அடுத்த வருஷம் ரிட்டயர் ஆறார். தங்கச்சி வேற ப்ளஸ் டூ...''

நியாயமான கவலை. பரீட்சை ஃபீஸைக்கூடப் புரட்டிவிடலாம். சம்பளம் இல்லாமல் ஓடுகிற வருஷங்களை எங்கே போய்ப் புரட்டுவது? ஸ்டைபண்ட் உண்டு, ஊரின் ஜனத்தொகையைப் பொறுத்து இவ்வளவு குறையாமல் தரணும் என்று இன்ஸ்டிடியூட்டே விதி வைத்திருக்கிறது. பஸ்ஸுக்கும் டிபனுக்கும் காணும். குடும்பத்துக்குக் காணாது.

அவனுக்கு நான் சொன்னது இதுதான். 2023 ஜூலையிலிருந்து ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. இன்டரில் இரண்டு குரூப்பும் முடித்த பிறகுதான் அது ஆரம்பிக்கும். ஆகவே காலேஜ் மூன்று வருஷத்தில் ஃபவுண்டேஷன், இன்டர் இரண்டையும் தாண்டப் பார். பி.காமைக் கோட்டை விடாதே. 55 சதவீதம் இருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமலே நேரே இன்டருக்குப் போகலாம். முன்வாசல் திறக்காவிட்டாலும் அந்தக் கொல்லைக் கதவு உனக்குத் திறந்திருக்கும்.

ஆடிட்டர் இன்டர்வியூவில் டெஃபனிஷன் ஒப்பிக்காதே. ''தேய்மானம் எழுதறோமே, பணம் வெளியே போச்சா?'' என்று கேட்பார். இல்லை, பணம் மெஷின் வாங்கிய அன்றே போய்விட்டது. அந்தச் செலவை மெஷின் உழைக்கிற வருஷங்களுக்குப் பங்கு போடுகிறோம் என்று சொல்லத் தெரியணும். பெரிய கம்பெனி ஆடிட் மட்டும் பார்க்கும் ஆபீஸில் ஒரு வேலையை ஆழமாகப் படிக்கலாம். மாடிப்படி ஏறிப் போகும் சின்ன ஆபீஸில் வருமான வரி, ஜி.எஸ்.டி., ஸ்டாக் எண்ணுவது என்று எல்லாவற்றையும் கையால் செய்யலாம். போர்டு பளபளப்பை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதே.

முக்கியமான ஒன்று. எத்தனை தடவை எழுதப் போகிறாய் என்பதை இப்போதே தீர்மானித்து, அப்பாவிடம் வாய்விட்டுச் சொல். ரிசல்ட் வந்த அன்றைக்கு ராத்திரி போடுகிற தீர்மானம் செல்லாது. அந்த எண்ணிக்கை முடிந்தால் கௌரவமாக வேலைக்குப் போ. 'சி.ஏ. இன்டர்' ஆள் வேண்டும் என்று கேட்டு விளம்பரம் கொடுக்கும் கம்பெனிகள் நிறைய. பாதி வழியில் நின்றவனைத் தோற்றவன் என்று சொல்வது கல்யாண வீட்டில் மட்டும்தான்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கொண்டான். கடைசியில், ''எல்லாம் சரி மாமா, ஃபவுண்டேஷன் ஃபீஸ்...'' என்று இழுத்தான்.

எடுத்துக் கொடுத்தேன். ''வவுச்சர்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போடா!''