உறங்காத பெட்டி

பாபநாசத்து மலையடிவாரத்தில் தாமிரபரணி நீரைக்கொண்டு மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1944-ஆம் ஆண்டில். அங்குள்ள நான்கு இயந்திரங்களும் முழு வலிமையோடு சுழன்றால் 32 மெகாவாட் கிடைக்கும். நெல்லைச் சீமையாருக்கு இது பெருமைக்குரிய விஷயமே. ஆயினும் அவ்வளவு மின்சாரமும் ஒருவருக்கும் பிரயோஜனமின்றிக் கரைந்துபோவது எத்துணை எளிது என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

டெலிவிஷனுக்கு அருகிலிருக்கும் செட்டாப் பாக்ஸ் என்னும் பெட்டியைக் கவனியுங்கள். இரவில் ரிமோட்டை அழுத்தியதும் திரை இருண்டுவிடுகிறது. யாவும் அணைந்தன என்று வீட்டார் நித்திரை செய்யப் போகின்றனர். பெட்டியோ உறங்குவதில்லை. அதன் சிறு விளக்கு நிறம் மாறுகிறதேயன்றி, பழைய பெட்டிகள் பலவற்றில் மின்சாரச் செலவு ஏறக்குறைய முன்போலவே இருக்கிறது. அதனை 10 வாட் என்று கொள்வோம். நாளொன்றுக்கு 4 மணி நேரம் படம் பார்க்கும் வீட்டில் மீதி 20 மணி நேரமும் வீண். இரண்டு மாதக் கணக்கில் இது 12 யூனிட்டு ஆகிறது. 2016-இல் அரசாங்கம் வீடுகளுக்கு இலவசமாக்கிய 100 யூனிட்டில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இவ்வாறு தொலைகிறது. இத்தகைய பெட்டிகள் 32 லட்சம் ஒருங்கே விழித்திருந்தால், பாபநாசத்தின் முழு வலிமையும் அவற்றுக்கே சரியாய்ப் போகும்.

சுவரிலுள்ள சுவிட்சை அணைக்க என்ன சோம்பல் என்று பெரியோர் கடிந்துகொள்வர். அணைப்பது நன்றே. ஆனால் குற்றம் முழுவதையும் வீட்டார் தலையில் சுமத்துவது நியாயமன்று. அணைத்த பெட்டியை மீண்டும் எழுப்பினால், அது தன் சானல்களைத் தேடிக்கொள்வதற்குள் செய்தி பாதி முடிந்துவிடுகிறது! மேலும், அப்பெட்டியைத் தெரிந்தெடுத்தவர் அவரல்லர். கேபிள்காரர் கொடுத்ததை வாங்கி வைத்தவரே. ரெப்ரிஜிரேட்டர் வாங்குவோர் நட்சத்திரங்களை எண்ணி வாங்குகின்றனர். இதில் அந்தச் சுதந்தரம் ஏது?

ஆகவே பெட்டிகளைக் கொள்முதல் செய்து வழங்குவோரையே நாம் கேட்க வேண்டும். 2017-இல் அரசு கேபிள் நிறுவனமே அவற்றை இலவசமாக வழங்கத் தொடங்கியது. மின்சாரத்தை ஒரு கையாலும், அதை வீணே பருகும் பெட்டியை மறு கையாலும் அளிப்பது விசித்திரமான தருமம். ஓய்விலிருக்கும் கருவி 1 வாட்டுக்கு மேல் கொள்ளலாகாதென்று சர்வதேச எரிசக்தி முகமை 1999-இலேயே யோசனை கூறிற்று. பெட்டி இடைவிடாது தொடர்பில் இருக்கவேண்டியதாகையால் அது இயலாது என்று சிலர் வாதிப்பர். நம் மாணவர் சட்டைப்பையிலுள்ள கைபேசியும் இடைவிடாது தொடர்பில்தான் இருக்கிறது. ஒரு சிறு பாட்டரியைக்கொண்டு பகல் முழுதும் காலம் தள்ளுகிறது. அடுத்த கொள்முதல் டெண்டரில், ஓய்வுநிலையில் இத்தனை வாட்டுக்கு மிகலாகாது என்று ஒரு வரி சேர்ப்பதற்கு அரசாங்கத்துக்கு ஆகும் செலவு, அதை எழுதும் மைதான்.