சேறு படாத வண்டி

ஏலப் பட்டியல்களில் ஒரு வகைப் புகைப்படம் அடிக்கடி வரும். வெள்ளைப் பின்னணி. நடுவில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டார் ஸ்கிராம்பிளர். டேங்க்கில் முகம் பார்க்கலாம். டயர் இடுக்கில் ஒரு மண் துகள் கிடையாது. கீழே, நட்டு போல்ட்டு வரைக்கும் கழற்றிப் புதுப்பித்தது என்று பெருமையாக ஒரு வரி. என் கட்சி இதுதான்: அந்த வண்டியை யாரும் புதுப்பிக்கவில்லை. அழிச்சிட்டாங்க.

முதலில் இது என்ன வண்டி என்று பார்த்துவிடலாம். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் மண்ணில் நடந்த மோட்டார் சைக்கிள் போட்டிகளில் முக்கியமானவை இரண்டு. ஸ்கிராம்பிள்ஸ் என்பது மேடும் பள்ளமும் சேறுமான நிலத்தில் ஓடும் பந்தயம். இன்றைய மோட்டோகிராஸின் தாத்தா. ட்ரையல்ஸில் வேகத்துக்கு மதிப்பில்லை. பாறை, ஓடை, வழுக்கும் வேர் எல்லாவற்றையும் காலைத் தரையில் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஊன்றினால் மார்க் போச்சு. பலர் போட்டி வண்டியிலேயேதான் போட்டி நடக்கும் ஊருக்குப் போனார்கள். விழுந்தார்கள், வளைந்ததை நிமிர்த்தினார்கள், அடுத்த வாரம் மறுபடி போனார்கள். பி.எஸ்.ஏ., ஏரியல், மேட்ச்லெஸ், ட்ரையம்ப், கிரீவ்ஸ் ஆகிய பெயர்கள் சம்பாதித்த மரியாதையில் பெரும்பங்கு இந்தச் சேற்றிலிருந்து வந்தது.

இப்போது அந்த வண்டிகளை வாங்குகிறவர்களின் மந்திரச் சொல் 'ஒரிஜினல்'. இன்ஜின் நம்பரும் சேஸி நம்பரும் ஃபேக்டரிப் பதிவேட்டோடு பொருந்த வேண்டும். பெயின்ட் கேட்டலாக்கில் உள்ள அதே நிறமாக இருக்க வேண்டும். ரோட்டில் ஓடும் டூரிங் வண்டிக்கு இதில் ஓரளவு நியாயம் உண்டு. போட்டி வண்டியில் ஒரிஜினல்னா எதுங்க?

ரிக்மேன் சகோதரர்கள் டானும் டெரிக்கும் நியூ மில்டனில் உருவாக்கிய மெட்டிஸ்ஸை எடுத்துக்கொள்வோம். முதல் வண்டி ட்ரையம்ப் இன்ஜின், பி.எஸ்.ஏ. கியர்பாக்ஸ், நார்ட்டன் ஃபோர்க் என்று ஒட்டுப்போட்டு வந்தது. மெட்டிஸ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே கலப்பினம் என்றுதான் பொருள். பிறகு நிக்கல் முலாம் பூசிய சேஸியை அவர்கள் தனியாக விற்றார்கள். வாங்கியவர் தன்னிடம் இருந்த ட்ரையம்ப்பையோ மேட்ச்லெஸ்ஸையோ அதில் மாட்டினார். அந்த வண்டியில் போய் 'மேட்சிங் நம்பர்ஸ்' தேடுகிறவரை என்ன சொல்வது? ஸ்டீவ் மக்வீன் ஒன்று வைத்திருந்தார் என்பதற்காகவே அதைக் கண்ணாடிக்குள் வைக்கிறவர்கள், தன் பெயரிலேயே கலப்பை ஒத்துக்கொண்ட வண்டிக்குக் குலம் கோத்திரம் கேட்கிறார்கள்.

இன்னொன்று, பி.எஸ்.ஏ. பேன்டம். பிரிட்டிஷ் கிராமங்களின் செல்லப்பிள்ளை, ட்ரையல்ஸுக்கும் நிறையப் பயன்பட்ட குட்டி வண்டி. அதன் மூலம் ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125, போர் இழப்பீடாக வந்த வடிவமைப்பு. தூய பிரிட்டிஷ் ரத்தம் என்று நெஞ்சு நிமிர்த்துகிற இடத்திலேயே கதை இப்படித்தான் இருக்கிறது.

சாம்மி மில்லர் ஓட்டிய ஏரியல், நம்பர் ஜி.ஓ.வி. 132. ட்ரையல்ஸ் உலகில் இதைவிடப் புகழ்பெற்ற வண்டி கிடையாது. 500 சிசி இன்ஜினைச் சுமந்த அந்தக் கனத்த வண்டியை அவர் வருஷக்கணக்காக அறுத்தார், துளைத்தார், மாற்றினார்; எடை சுமார் 110 கிலோவுக்கு இறங்கியது. ஃபேக்டரி அனுப்பிய நிலைக்கே அதைத் திருப்பினால் என்ன மிஞ்சும்? ஏரியலின் சாதாரண எச்.டி.5 ஒன்று மிஞ்சும். மில்லர் காணாமல் போவார்.

பதிப்பு வேலை தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். பல கைகள் மாறிய ஒரு சுவடியில் ஓரக்குறிப்பும் பாடபேதமும் இருக்கும். அவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு 'மூலம் இதுதான்' என்று அச்சடிப்பவரை நாம் பதிப்பாசிரியர் என்று சொல்வதில்லை. ஃபுட்ரெஸ்டைப் பின்னுக்குத் தள்ளி யாரோ வைத்த வெல்டும், எடை குறைக்க மட்கார்டு பிராக்கெட்டில் போட்ட ஓட்டைகளும் அந்த வண்டியின் ஓரக்குறிப்புகள். மணல் அடித்து, பவுடர் கோட்டிங் போட்டு மூடினால் அவ்வளவும் போச்சு. கூடவே இன்னொன்றும் மறையும். தடித்த பவுடர் பூச்சுக்கு அடியில் சேஸியின் விரிசல் வெளியே தெரியாது. அழகுக்காகச் செய்வது ஆபத்தையும் ஒளித்துவைக்கிறது.

இந்த வெறியின் அடியில் பணம் இருக்கிறது. கோல்ட் ஸ்டாருக்கு நல்ல விலை என்பதால், சாதாரண பி31, பி33 டூரிங் வண்டிகளுக்கு வேஷம் கட்டி கோல்ட் ஸ்டார் என்று விற்பது பழைய வியாபாரம். நம்பரே விலையானால் நம்பரைத்தானே அடிப்பார்கள்? சமீபத்தில் இதன் தலைகீழ் வடிவமும் வந்துவிட்டது. துருவுக்கும் விலை வைத்து, 'எண்ணெய்த் துணியால் துடைத்ததோடு சரி' என்று விற்கிறார்கள். நான் துருவை வழிபடச் சொல்லவில்லை. துருவும் ஓடாது, பாலிஷும் ஓடாது.

சரி, ஓட்டுகிறவர்களாவது யோக்கியமா? பிரிட்டனில் 'ப்ரீ-65' என்று ஒரு பிரிவு, 1965க்கு முந்தைய வண்டிகளுக்கானது. கோடு அங்கே விழுந்ததற்குப் பொருள் உண்டு. 1964 கடைசியில் மில்லர் ஸ்பெயினின் புல்டாகோவுக்குப் போனார். 1965இல் ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரையலை அந்த இலேசான டூ-ஸ்ட்ரோக்கில் வென்றார். அதே 1965இல் ஜெஃப் ஸ்மித் பி.எஸ்.ஏ.வில் வென்ற 500 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம்தான் பிரிட்டிஷ் வண்டி ஒன்றுக்குக் கடைசி. ஒரு யுகம் முடிந்த வருஷம் அது. ஆனால் 1984 முதல் கின்லாக்லெவனில் நடக்கும் ப்ரீ-65 ட்ரையல் போன்ற இடங்களுக்கு வருகிற சில டைகர் கப்களைப் பாருங்கள். புதிதாகச் செய்த சேஸி, நவீன உட்பாகங்கள் கொண்ட ஃபோர்க், டைட்டானியம் போல்ட்டுகள். டேங்க்கில் உள்ள பெயருக்கு மட்டும்தான் வயசு. கலெக்டர் தேதியைக் காப்பாற்ற ஓட்டத்தைக் கொல்கிறார். இவர் ஓட்டத்துக்காகத் தேதியில் பொய் சொல்கிறார்.

"நீதானே கலப்பினம் நல்லதுன்னு சொன்ன?" என்று கேட்கலாம். ரிக்மேன்கள் தங்கள் காலத்துப் பாகங்களைக் கலந்தார்கள், கலந்ததைப் பெயரிலேயே சொன்னார்கள். இந்த டைகர் கப் இன்றைய வண்டி. ஆனால் 1964 என்று கையெழுத்துப் போடுகிறது. எனக்குப் பிரச்சினை அந்தக் கையெழுத்தோடுதான்.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு: மிச்சம் இருப்பதே கொஞ்சம், உடைந்தால் என்ன செய்வது? கிரீவ்ஸை நினைத்துப் பார்க்கலாம். எஸ்ஸெக்ஸில் உடல் ஊனமுற்றவர்களுக்கான மூன்று சக்கர வண்டி செய்து பிழைத்த கம்பெனி. அவர்களது ஸ்கிராம்பிளரில் டேவ் பிக்கர்ஸ் 1960, 1961 இரண்டு வருஷமும் 250 சிசி ஐரோப்பியச் சாம்பியன் ஆனார். சேஸியின் முன்பக்கம் குழாய் கிடையாது, வார்ப்பு அலுமினிய உத்தரம். அது உடைந்தால் பக்கத்து வெல்டரிடம் போய் நிற்க முடியாது என்பது உண்மை. அதனால் பிக்கர்ஸ் ஓட்டிய அதே வண்டி அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். ஒத்துக்கிறேன். ஆனால் பெயர் தெரியாத யாரோ ஓட்டிய, கேட்டலாக்கிலிருந்து விற்ற மற்ற கிரீவ்ஸ்கள் எல்லாம் ஏன் விளக்கு வெளிச்சத்தில் நிற்க வேண்டும்? ஓட்டாத வண்டியைப் பழுது பார்க்கவும் ஆள் மறந்துபோவான். லூகாஸ் மேக்னெட்டோவில் கண்டென்சர் தளர்ந்தால், குளிர்ந்த இன்ஜின் ஒரே உதையில் கிளம்பும், சூடானபின் அடம் பிடிக்கும். வண்டியைச் சூடாகும் வரை ஓட்டுகிறவனுக்குத்தான் இது தெரியவரும். அவன் போனால் அறிவும் போகும்.

இதற்குச் சாட்சி நம் தெருவிலேயே இருக்கிறது. 1948இல் ராயல் என்ஃபீல்டு தன் புல்லட்டை, பின்சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் வைத்து, ட்ரையல்ஸில் இறக்கியது. அங்கே பலருக்கு அப்போது அது வேண்டாத ஆடம்பரம். அதே கம்பெனியின் வண்டியில் ஜானி பிரிட்டன் 1952லும் 1957லும் ஸ்காட்டிஷ் ஆறு நாளை வென்றார். 1970 வாக்கில் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடிவிட்டது. 1955இல் மெட்ராஸுக்கு வந்த புல்லட் சாகவில்லை. யாரும் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றவில்லை. ராணுவம் ஓட்டியது, போலீஸ் ஓட்டியது, மெக்கானிக்குகள் கிடைத்ததை வைத்துத் தேற்றினார்கள். உபயோகம்தான் அதை வாழவைத்தது.

ஆகவே வாங்குகிறவர்களுக்கு: பளபளப்புக்குக் காசு கொடுக்காதீர்கள். விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் பல கம்பெனிகளின் பழைய பதிவேடுகளை வைத்திருக்கிறது. நம்பரை அங்கே விசாரியுங்கள், ஏமாறாமல் இருப்பதற்காக. எதையும் கழற்றும் முன் போட்டோ எடுங்கள். பேரிங், பிரேக், ஒயரிங், விரிசல் ஆகியவற்றில் சமரசம் வேண்டாம். ஃபைபர்கிளாஸ் டேங்க் என்றால் எத்தனால் கலந்த பெட்ரோல் அதை இளக்கிவிடும், கவனம். புதுப் பாகம் போட்டால் போட்டதாக எழுதி வையுங்கள். பழைய வெல்டு உறுதியாக இருந்தால் தொடாதீர்கள்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை வண்டியை வெளியே எடுங்கள். விழுவீர்கள், டேங்க்கில் ஒரு நெளிசல் விழும். அறுபது வருஷமாக எழுதிவரும் பக்கத்தில் அது உங்கள் வரி. அடுத்து வாங்குகிறவர் அதையும் பவுடர் கோட்டிங்கில் மூடிவிடாமல் இருந்தால் சரி.