தொட்டில் கொக்கியும் என் பயணப் பட்டியலும்

கடந்த பருவ விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் ஐந்து நண்பர்கள் பினாங்குக்கு வந்தார்கள். வருவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே புலனத்தில் கட்டளை வந்துவிட்டது: "நீதான் பினாங்குக்காரியாச்சே, ஒரு லிஸ்ட் போட்டுக் கொடு."

போட்டுக் கொடுத்தேன். கொடிமலை, கெக் லோக் சி, பாம்புக் கோயில், தண்ணீர்மலை, ஆர்மீனியன் சாலைச் சுவர் ஓவியங்கள், சியூ ஜெட்டி, லிட்டில் இந்தியா, பினாங்கு சாலை செண்டோல், நாசி கண்டார், கர்னி டிரைவ் ஒட்டுக்கடைகள், பத்து பெரிங்கி இரவுச் சந்தை. இரண்டு நாள், 11 இடம். எந்த இடத்தில் எந்த நேரத்தில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்றுகூட எழுதியிருந்தேன். படம் நன்றாக வரவேண்டுமே!

எல்லாம் நடந்தது. சைக்கிளில் போகும் இரண்டு குழந்தைகளின் ஓவியத்துக்கு முன் வரிசையில் நின்றோம். 2012-இல் லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் சக்காரெவிச் வரைந்தது அது; நிறம் மங்கினாலும் கூட்டம் மங்கவில்லை. ஒவ்வொருவருக்கும் அரை நிமிடம். சியூ ஜெட்டியில் கடல்மேல் கட்டைக் கால்களில் நிற்கும் வீடுகளைப் பார்த்தோம். ஒரு வீட்டு வாசலில் கேமரா படத்தின் குறுக்கே கோடு போட்ட அட்டை தொங்கியது. அந்த அட்டையையும் ஒருவன் படம் எடுத்தான். லிட்டில் இந்தியாவுக்கு வந்தபோது மணி மதியம் ஒன்று. பூக்கடைக்கு முன் இரண்டு படம், ஒலிபெருக்கிப் பாட்டுக்கு ஒரு காணொளி, ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர். இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். நாங்கள் ஆறு பேரும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். அந்தத் தெருவில் எந்தக் கடைக்காரரிடமும் ஒரு வாக்கியம்கூடத் தமிழில் பேசவில்லை என்பது பேருந்தில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்போது ஈப்போ தோழி சாதாரணமாகக் கேட்டாள்: "உங்க வீடு இந்தப் பக்கம் இல்லையா?"

"இல்ல, நாங்க பட்டர்வொர்த்" என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவளுக்குச் சொல்லாததற்குக் காரணம், எனக்கே அது சரியாகத் தெரியாது என்பதுதான்.

மீதிப் பாதி இது. என் அம்மா வளர்ந்தது லெபோ பாசாருக்கு அருகிலுள்ள ஒரு சந்தில், கடைவீட்டின் மேல்மாடியில். லெபோ பாசாரைப் பாட்டி இன்றும் கடைத்தெரு என்றுதான் சொல்வார். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்த மேல்மாடியில் மூன்று குடும்பங்கள். பலகைத் தடுப்புதான் சுவர். மாத வாடகை 80 வெள்ளி. அம்மாவுக்குத் திருமணம் நிச்சயமான ஆண்டில் வீட்டுக்காரர் வாடகையைப் பல மடங்கு உயர்த்தினார். குடும்பம் சாமான்களை லோரியில் ஏற்றிப் பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தது. நான் அங்கே பிறந்தேன்.

வீட்டில் இதை "அந்த வருஷம் வீட்டுக்காரன் விரட்டிட்டான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது என்பதைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் அறிந்தேன். 1948-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயர்த்த முடியாதபடி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுத்து வைத்திருந்தது. 1997-இல் அதை நீக்க நாடாளுமன்றம் முடிவு செய்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு முற்றாக விலகியது. ஜார்ஜ்டவுனில் இத்தகைய பழைய கடைவீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றில் குறைந்த வாடகையில் குடியிருந்த சீனர், தமிழர், மலாய்க்காரர் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அதே கதிதான். பாட்டி "விரட்டிட்டான்" என்று சொல்லும் அந்த வீட்டுக்காரர் தனி வில்லன் அல்லர்; ஊரே அன்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2008 ஜூலை 7-ஆம் நாள், மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. பெருமைதான். ஆனால் எதற்காக ஏற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள். கடைவீடுகளின் அழகு ஒரு காரணம். பல இன மக்கள் தங்கள் மொழி, வழிபாடு, தொழிலோடு பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்துவருகிறார்கள் என்பது இன்னொரு காரணம். முன்பு பிட் தெரு எனப்பட்ட ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங்கில் நடந்தால் இது புரியும். 1818-இல் கட்டப்பட்ட செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், சற்றுத் தள்ளிக் குயின் தெருவில் 1833-ஆம் ஆண்டின் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம், 1801-இல் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். நான்கையும் நடந்தே, நெற்றி வியர்ப்பதற்குள் பார்த்துவிடலாம். இந்தக் கட்டடங்கள் நிலைத்திருக்கின்றன. அவற்றைச் சுற்றி மேல்மாடிகளில் குடியிருந்தவர்கள்தான் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

நண்பர்கள் ஊர் திரும்பிய மறுவாரம் பாட்டியைக் கூட்டிக்கொண்டு பெர்ரியில் ஏறினேன். இப்போது ஓடுவது 2023-இல் வந்த புதிய படகுகள், கார் ஏற்றுவதில்லை. பாட்டிக்கு இவை பிடிக்கவில்லை. "கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஒக்கார வச்சா கடல் காத்து எங்கருந்து வரும்?" என்றார். கரை இறங்கி, இலவசமாக ஓடும் கேட் பேருந்தில் கடைத்தெரு வந்து, சந்துக்குள் திரும்பினோம்.

வீடு இருந்தது. முன்னைவிட நன்றாக இருந்தது. வெள்ளைச் சுண்ணாம்பு, கரும்பச்சைச் சன்னல், ஐந்தடிப் பாதையில் பழைய பாணித் தரை ஓடு. இப்போது அது ஒரு சிறு விடுதி. ஓர் இரவுக் கட்டணம், தாத்தா ஐந்து மாதத்துக்குக் கொடுத்த வாடகையைவிட அதிகம். நான் வெளியிலேயே காட்டிவிட்டுத் திரும்பத்தான் நினைத்தேன். பாட்டி நேரே உள்ளே போய்விட்டார்.

முகப்பில் இருந்தது தமிழ்ப் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்று, "வாங்க பாட்டி, மேல ரூம் காலியாத்தான் இருக்கு, பாத்துட்டுப் போங்க" என்றார். படியேறப் பாட்டிக்கு நேரம் எடுத்தது. மேலே போனதும் பலகைத் தடுப்பு இருந்த இடத்தைக் கையால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார். இங்கே அடுப்பு, இங்கே பாய், அங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள். பிறகு தலையை உயர்த்தினார். மெருகேற்றிய உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி. அதிலிருந்து பித்தளை விளக்கு ஒன்று தொங்கியது.

"உங்கம்மாவுக்குத் தொட்டில் கட்டுன கொக்கிடி இது. தாத்தா அடிச்சது."

விடுதிப் பெண்ணுக்கு ஆச்சரியம். பழைய கட்டடத்தில் எப்போதோ அடித்த கொக்கி என்று மட்டும்தான் அவருக்குத் தெரியுமாம். "தங்க வர்றவங்ககிட்ட இதச் சொல்லட்டுமா பாட்டி?" என்று கேட்டார்.

"சொல்லும்மா. அதுக்குன்னு தனியா காசு வாங்கிடாதீங்க."

மூவரும் சிரித்தோம். எனக்கு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இந்த இடத்தில் "சுற்றுலா நம் வீடுகளை விழுங்கிவிட்டது" என்று எழுதி முடிப்பது எளிது. பாட்டியே அதற்கு ஒப்பமாட்டார். மழைக்காலத்தில் அந்தக் கூரை ஒழுகியதை, மூன்று குடும்பத்துக்கும் ஒரே கழிவறை வாளி இருந்ததை, கைக்குழந்தையோடு செங்குத்தான படியில் தண்ணீர் சுமந்ததை அவர் மறக்கவில்லை. அடுக்குமாடியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. 80 வெள்ளி வாடகை வாங்கிக்கொண்டு எந்த வீட்டுக்காரர் கூரையைப் பழுதுபார்ப்பார் என்பதும் நியாயமான கேள்விதான். விடுதி வராவிட்டால் அந்த உத்தரமே கறையானுக்குப் போயிருக்கலாம். என் மாமா மகன் பத்து பெரிங்கியில் ஒரு தங்கும் விடுதியில் வேலை செய்கிறான். அவன் சம்பளம் வருவது என் நண்பர்களைப் போன்றவர்கள் செலவு செய்வதால்தான்.

ஆகவே நான் கேட்பது சுற்றுலா வேண்டாம் என்பதல்ல. கடைவீடுகளுக்கு மேல் இன்னும் ஆள் குடியிருக்க வழி செய்யுங்கள் என்பதுதான். ஜார்ஜ்டவுனில் ஏராளமான கட்டடங்கள் தனியாருடையவை அல்ல. கோயில்கள், சீனக் குலச் சங்கங்கள், முஸ்லிம் அறக்கொடை அமைப்புகள் ஆகியவற்றின் வசம் உள்ளவை. அவை அதிக வாடகை தருபவருக்கே கொடுப்பதா, பூத்தொடுப்பவருக்கும் தையல்காரருக்கும் நகைவேலை செய்பவருக்கும் சில கதவுகளைத் திறந்துவைப்பதா என்பதைத் தாங்களே தீர்மானிக்க முடியும். மாநில அரசும் மாநகர் மன்றமும் பழுதுபார்ப்புக்கு உதவும்போது, மேல்மாடியில் குடும்பம் இருக்கவேண்டும் என்று சில வீடுகளுக்கேனும் நிபந்தனை போடலாம். பாரம்பரியம் என்று சொல்லித்தானே வரிப்பணத்தைச் செலவிடுகிறோம். நான் வாக்களிக்கும் வயதை எட்டிவிட்டேன், இதை வாசிக்கும் உங்களில் பலரும்தான். அடுத்தமுறை யாராவது கைகூப்பி வரும்போது இதைக் கேட்கலாம்.

அது வரும்போது வரட்டும். என் பட்டியலுக்கு வருகிறேன், ஏனென்றால் அது முழுக்க என் குற்றம்.

நாசி கண்டாருக்கு நாங்கள் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். கறி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண்டார் என்றால் என்ன என்று ஆறு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. தோளில் வைக்கும் தடி அது. நம் காவடித் தடி போல. ஒரு முனையில் சோறு, மறுமுனையில் கறி. தமிழ் முஸ்லிம்கள் அதைத் தோளில் சுமந்து துறைமுகப் பக்கம் விற்றுவந்தார்கள். மூட்டை தூக்கியவர்கள் வாங்கிச் சாப்பிட்டார்கள். என் தாத்தாவும் அந்த வழி வந்த கடைகளில் சாப்பிட்டவர்தான். "கறி அள்ளி ஊத்துனாத்தான் அவருக்குச் சோறு எறங்கும்" என்று பாட்டி சொன்னபோது, நான் வரிசையில் நின்று வாங்கியது எங்கள் வீட்டுச் சாப்பாடு என்று தோன்றியது.

சௌராஸ்தா சந்தை என் பட்டியலிலேயே இல்லை. பாட்டி என்னை அங்கே இழுத்துப்போய் ஜாதிக்காய் ஊறல் வாங்கினார்; கடைக்காரரோடு விலை பேசிய நேரம் அதைத் தின்ற நேரத்தைவிட அதிகம். சௌராஸ்தா என்றால் நாற்சந்தி. லெபோ பினாங்கில் கோயில் வீட்டுக்கு முன் நின்று, தைப்பூசத்துக்கு முதல்நாள் விடியலில் வெள்ளி ரதம் இங்கிருந்துதான் தண்ணீர்மலைப் பக்கம் கிளம்பும் என்றார். ஆண்டுதோறும் நான் ரதத்தைப் பார்க்கிறேன். தண்ணீர்மலை முருகனைத் தரிசிக்க 513 படியும் ஏறுகிறேன். ரதம் புறப்படும் வாசலில் அன்றுதான் முதன்முறையாக நின்றேன்.

இவை எதற்கும் நுழைவுச் சீட்டு கிடையாது. வரிசையும் கிடையாது. மாலை கட்டுபவரிடம் ஒரு முழம் என்ன விலை என்று தமிழில் கேட்டால், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று அவர் கேட்பார். ஐந்து வெள்ளிக்குப் பூ வாங்கினால் ஐந்து வெள்ளி அந்தத் தெருவில் தங்கும். நாங்கள் இருபது நிமிடத்தில் விட்டுச்சென்றது ஆறு பாட்டில் தண்ணீரின் காசு.

டிசம்பரில் இன்னொரு கூட்டம் வருகிறதாம், இந்தமுறை ஜொகூரிலிருந்து. மறுபடியும் "லிஸ்ட்" கேட்டிருக்கிறார்கள். கொடிமலையை எடுக்கவில்லை, 833 மீட்டர் உயரத்தில் கிடைக்கும் குளிர்காற்றுக்கு அது வேண்டும். சுவர் ஓவியத்தை எடுத்துவிட்டேன், சியூ ஜெட்டியையும். அந்த அரை நாள் முழுவதும் கடைத்தெருவுக்கு.

பாட்டியையும் அழைத்திருக்கிறேன். மலை ரயிலில் நடுவழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறவேண்டிய காலத்தில் தாத்தாவோடு ஒருமுறை போனதாம். அதன் பிறகு மலைக்கே போகவில்லை. இப்போது மாறவேண்டியதில்லை, 2011-இலிருந்து ஒரே வண்டி உச்சிவரை போகிறது என்றேன். முட்டிவலி அனுமதித்தால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதாது, உச்சியில் முருகன் கோயில் இருக்கிறதே, தேங்காயும் பழமும் கடைத்தெருவிலேயே வாங்கிக்கொள் என்பது அவர் நிபந்தனை.