பள்ளிக்கொரு பொறுப்பாசிரியர் வேண்டும்

செவித்திறன் குறைந்த குழந்தை ஒன்று, ஆசிரியர் தன்னைப் பார்த்துப் பேசுகிற வரையில், அவருடைய உதடுகளின் அசைவைக் கொண்டு பாடத்தில் பாதியையேனும் ஊகித்துக்கொள்கிறது; அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசத் தொடங்கியவுடன் அந்தப் பாதியும் அதற்கு இல்லாமற் போகிறது. நான்காம் வகுப்பில் படிக்கும் மற்றொரு குழந்தை, கேட்ட கதையை ஒரு நிகழ்ச்சியும் விடாமல் திருப்பிச் சொல்லும் சாமர்த்தியம் உடையதாயிருந்தும், அதே கதையைப் புத்தகத்தில் வாசிக்கச் சொன்னால், ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் மாற்றி வாசித்து, வரி தவறித் திகைத்து நிற்கிறது. முதற்குழந்தைக்குக் கவனம் போதாது என்றும், இரண்டாவது குழந்தைக்குச் சோம்பல் என்றும் நம் வகுப்பறைகளில் நாள்தோறும் தீர்ப்பு வழங்கப்படுகிறது. அவ்வாறு சொல்லும் ஆசிரியரைக் கருணையற்றவர் என்று குறை கூறுவது நியாயமாகாது. இக்குறைகளைக் கண்டறியும் வித்தையையும், கண்டறிந்தபின் செய்யவேண்டிய பரிகாரத்தையும் அவருக்கு எவரும் முறையாகக் கற்பித்ததில்லை.

ஆகவே, விசேஷத் தேவையுள்ள குழந்தைகளின் கல்விக்கு ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் பெயர் குறித்துப் பொறுப்பேற்றிருக்க வேண்டும் என்பதும், அப்பொறுப்புக்குரிய பயிற்சியும் தகுதியும் மட்டுமன்றி, அதை நிறைவேற்றுவதற்கு வேண்டிய நேரமும் அதிகாரமும் சட்டத்தாலேயே அவருக்கு அளிக்கப்பட வேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

நம் தேசத்தில் இதற்குச் சட்டம் இல்லையென்று சொல்வதற்கில்லை. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமம், விசேஷக் கல்வியில் பட்டயமோ பட்டமோ பெற்றவர்களைத் தன் பதிவேட்டில் சேர்த்து, அத்தொழிலுக்குரிய யோக்கியதையை வரையறுத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரித்து, கற்றல் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் அவற்றுள் சேர்த்தது. விசேஷ ஆசிரியர்களுக்கான விகிதத்தை வகுத்து அறிவிக்குமாறு 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குக் கட்டளையிட்டது; அதன்படி மத்திய அரசு 2022-இல், தொடக்க வகுப்புகளில் இத்தகைய குழந்தைகள் 10 பேருக்கு ஒருவரும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவருமாக விசேஷ ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்று விகிதம் வகுத்தது. அதற்குரிய பணியிடங்களை உண்டாக்கி நிரப்புமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் மறுபடியும் கட்டளையிட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, காரியம் எவ்வளவு மந்தமாக நடக்கிறது என்பது விளங்கும்.

தமிழ்நாட்டில் வட்டார வளமையங்களைச் சார்ந்து பணியாற்றும் சிறப்புப் பயிற்றுநர்கள், நிரந்தரமில்லாத உத்தியோகத்தில், தொகுப்பூதியத்தைப் பெற்றுக்கொண்டு, ஒருவரே பல பள்ளிகளுக்கும் நடமாட இயலாத குழந்தைகளின் வீடுகளுக்கும் சென்று வருகிறார்கள். அவர்களுடைய கல்வியிலோ சிரத்தையிலோ குறை காண இடமில்லை. ஆனால், அவர்கள் வராத நாட்களில் அக்குழந்தை யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்குப் பள்ளியில் விடையில்லை. பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு முதலிய சலுகைகள் இருக்கின்றன. எனினும், குறையை உரிய காலத்தில் கண்டு, பெற்றோருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, மருத்துவச் சான்று பெறச் செய்து, விண்ணப்பத்தை அனுப்புவதற்குப் பள்ளிக்குள்ளேயே ஒருவர் முனைந்தாலொழிய அவை குழந்தைக்கு எட்டுவதில்லை.

இவ்விஷயத்தில் இங்கிலாந்தின் அனுபவம் நமக்குப் பயன்படும். ஐந்தில் ஒரு குழந்தைக்குப் பள்ளிப் பருவத்தில் எப்போதாவது விசேஷ உதவி தேவைப்படக்கூடும் என்று மேரி வார்னாக் தலைமையிலான குழு 1978-இல் அங்கே தெரிவித்தது. 1994-இல் வெளியான நெறிமுறை, பள்ளிதோறும் இதற்கென ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்க வழிசெய்தது. அவர் தகுதிபெற்ற ஆசிரியராகவே இருக்க வேண்டும் என்றும், புதிதாக அப்பதவியை ஏற்பவர் மூன்று ஆண்டுகளுக்குள் அதற்குரிய தேசியத் தகுதியைப் பெற வேண்டும் என்றும் 2009-இல் விதி வந்தது. 2024 செப்டம்பர் முதல் அந்தத் தகுதியின் இடத்தில் புதிய தேசியத் தொழில்முறைத் தகுதி ஒன்று வந்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் கொள்ளத்தக்கதும் உண்டு, தள்ளத்தக்கதும் உண்டு. வகுப்பு நடத்தி அறிந்தவரே மற்ற ஆசிரியர்களுக்கு வழி சொல்ல முடியும் என்ற தத்துவம் கொள்ளத்தக்கது. மூன்றாண்டுத் தவணை கொள்ளத்தக்கதன்று. முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை அதற்குள் நான்காம் வகுப்புக்கு வந்து, எழுத்துக் கற்க வேண்டிய பருவத்தையே கடந்துவிடும். மேலும், ஒருங்கிணைப்பாளருக்குப் போதிய நேரம் தர வேண்டும் என்று சொல்லும் அந்நாட்டு நெறிமுறை, அது எத்தனை மணி நேரம் என்பதை வரையறுக்காமல் பள்ளியின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. பாடவேளைகளுக்கிடையே மூச்சுவிட நேரமில்லாத ஆசிரியருக்கு எத்தனை உயர்ந்த சான்றிதழ் இருந்தும் குழந்தைக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை.

நம் சர்க்கார் செய்ய வேண்டியது இதுவே. பெரிய பள்ளிகளில் மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற விசேஷ ஆசிரியரை நிரந்தரமாக நியமித்து, ஏற்கெனவே தொகுப்பூதியத்தில் உழைக்கும் தகுதியுள்ளவர்களுக்கு அதில் முதலிடம் அளிக்க வேண்டும். ஈராசிரியர் பள்ளிகளில், இருப்பவருள் ஒருவருக்குப் பொறுப்பைத் தருமுன்பே, அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் குழந்தைகளோடு பழகிக் கற்கும் பயிற்சியை அளித்து, வட்டாரப் பயிற்றுநரின் துணையையும் சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கூட்டமும், கணினித் திரையில் பார்த்து முடிக்கும் பாடமும் இதற்கு ஈடாகமாட்டா. பொறுப்பேற்றவருக்கு வாரத்தில் இத்தனை பாடவேளை என்று அரசாணையிலேயே எண்ணிட்டு ஒதுக்க வேண்டும். இதற்குச் செலவாகும் என்பது மெய்யே. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் கட்டளைப்படி வகுக்கப்பட்ட விகிதத்தைச் செலவைக் காட்டித் தட்டிக்கழிக்க ஒரு மாநிலத்துக்கும் உரிமையில்லை.

பெற்றோருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், விசேஷத் தேவையுள்ள குழந்தைகளுக்கு இப்பள்ளியில் பொறுப்பானவர் யார், அவர் பெற்ற பயிற்சி என்ன என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால், அதையே தீர்மானமாக எழுதிக் கல்வித்துறைக்கு அனுப்புங்கள்.