அடிதடி ஆட்டமா?

சண்டை என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவர்கள் முகம் சுளிப்பது இயல்பே. அதிலும் பெண்பிள்ளைகள் சண்டை விளையாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கேட்கவே வேண்டாம். ஆயினும் இவ்வாண்டு மலருக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சண்டை விளையாட்டுத்தான். அருட்சகோதரிகளும் பெற்றோர்களும் சற்றுப் பொறுமையுடன் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

விளையாட்டின் பெயர் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'. ஜப்பான் நாட்டுக் கேப்காம் நிறுவனம் 1991ஆம் ஆண்டு இதை வெளியிட்டது. முதலில் கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரமாக வந்தது. 1992இல் சூப்பர் நின்டெண்டோ என்னும் கருவியின் மூலம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. அந்த வீட்டுப் பதிப்பு மட்டுமே 60 இலட்சத்துக்கும் மேல் விற்பனையாயிற்று. நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. 2018இல் பழைய பதிப்புகளை எல்லாம் ஒன்றாகத் தொகுத்து இக்காலக் கருவிகளுக்கு ஏற்றபடி மறுபடியும் வெளியிட்டார்கள். அதைத்தான் என் சித்தப்பா வீட்டில் நானும் தம்பியும் ஆடுகிறோம்.

இத்தனை ஆண்டுகள் கழிந்தும் இதற்கு ஏன் மவுசு குறையவில்லை? இளமைக்கால நினைவுதான் காரணம் என்று பலர் கூறுவர். சித்தப்பாவுக்கு அது பொருந்தலாம். எனக்கும் எட்டாம் வகுப்பில் படிக்கும் தம்பிக்கும் ஏது இளமைக்கால நினைவு? இதைவிடப் பன்மடங்கு அழகான படங்களோடு புதிய விளையாட்டுகள் எத்தனையோ இருக்க, நாங்கள் ஏன் இதற்குத் திரும்பத் திரும்ப வருகிறோம்? அடிப்பதும் உதைப்பதும் அன்று காரணம். எதிரே இருப்பவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று அவர் மனத்தைப் படிக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் காரணம் என்பது என் தாழ்மையான கருத்து.

ஆடிப் பார்க்காத தோழியருக்காகச் சிறிது விளக்குகிறேன். வீரர் எண்மரில் ஒருவரை நாம் தேர்ந்துகொள்ள வேண்டும். குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என ஆறு பொத்தான்கள். மெல்லிய அடி விரைவாக விழும், ஆனால் வலு குறைவு. பலத்த அடி மெதுவாக விழும், தவறினால் நாம் அகப்பட்டுக்கொள்வோம். அடியைத் தடுப்பதற்குத் தனியாகப் பொத்தான் கிடையாது, எதிரியை விட்டுப் பின்னோக்கி நகர்த்தினால் அதுவே காப்பு. சரி, காத்துக்கொண்டே நின்றுவிடலாமே என்றால் அதுவும் முடியாது. அருகில் வந்து பிடித்துத் தூக்கி எறிந்துவிடுவார்கள். பிடிக்க வருகிறவரை முந்திக்கொண்டு அடிக்கலாம். அடிக்கிறவரைக் காப்பால் தடுக்கலாம். காப்பை மீண்டும் பிடியால் உடைக்கலாம். எந்த ஒரு வழியும் எப்போதும் வெல்லாது.

ரியூ என்றொரு வீரர் கைகளிலிருந்து ஒளிப்பந்து ஒன்றை வீசுவார். அதைத் தாண்டக் குதித்தால், நாம் இறங்கும் இடத்தில் மேல்நோக்கிக் குத்தக் காத்திருப்பார். ஆகவே நல்ல ஆட்டக்காரர் பந்தை வீசுவது நம்மை அடிப்பதற்காக அன்று, குதிக்க வைப்பதற்காக! இது புரிந்த நாளிலிருந்து தம்பி வீசும் பந்துகளை நான் பேசாமல் தடுத்துக்கொண்டு நிற்கிறேன். அவனுக்குத்தான் பொறுமை போய்விடும். கைல் என்னும் அமெரிக்க வீரரோ, பின்னோக்கிச் சிறிது நேரம் அழுத்திக் காத்திருந்தால்தான் தம் ஆயுதத்தை வீச முடியும். பதற்றக்காரர்களுக்கு அவர் உதவமாட்டார்.

அடிமேல் அடியாக, எதிரி தடுக்க இடமின்றித் தொடுப்பது இந்த ஆட்டத்தின் பெரும் கலை. ஆனால் அது திட்டமிட்டு வைத்ததே அன்று. ஆட்டத்தின் நடுவே காரை உடைக்கும் ஒரு சுற்று உண்டு. அதைச் சோதிக்கும்போது ஓர் அடி முடியுமுன் மற்றோர் அடி நுழைவதைத் தயாரிப்பாளர் ஃபுனாமிசு கவனித்தார். அது நிரல் எழுதியதில் நேர்ந்த பிசகு. நேரம் பார்த்து அடிப்பது மிகக் கடினம், யாருக்கும் பெரிதாகப் பயன்படாது என்று எண்ணி அப்படியே விட்டுவிட்டனர். பின்னால் வந்த சண்டை விளையாட்டுகள் பெரும்பாலும் அந்தப் பிசகின்மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. வேடிக்கைதான், அல்லவா? சேகா நிறுவனத்தின் கருவியில் மூன்றே பொத்தான்கள் இருந்ததால், இவ்விளையாட்டு அதற்கு வந்த 1993ஆம் ஆண்டிலேயே ஆறு பொத்தான் கொண்ட புதிய கைப்பிடியையும் செய்து விற்றார்கள்.

இசையைப் பற்றியும் ஒரு சொல். ஒவ்வொரு வீரரின் நாட்டுக்கும் தனித்தனி மெட்டு. ஒருவர் தோற்கும் நிலைக்கு வந்ததும் அதே மெட்டு விரைவாக ஒலிக்கத் தொடங்கும், நம் நெஞ்சும் கூடவே படபடக்கும். அம்மெட்டுகளில் பெரும்பாலானவற்றை அமைத்தவர் யோகோ ஷிமோமுரா என்னும் பெண்மணி.

குறைகள் இல்லையா எனில், உண்டு. தோற்றவரின் வீங்கிய முகத்தைக் காட்டி, வென்றவர் ஏளனமாகப் பேசும் படம் ஒவ்வொரு முறையும் வரும். அதை நான் சிறிதும் விரும்பவில்லை. நம் நாட்டின் சார்பில் வரும் தால்சிம் என்ற யோகியைப் பாருங்கள். கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயிலிருந்து நெருப்பு, நீண்டுகொண்டே போகும் கைகால்கள், பின்னால் வரிசையாய் யானைகள்! யோகாசனம் கற்பிக்கும் நம் ஆசிரியை இதைக் கண்டால் என்ன சொல்வாரோ தெரியவில்லை. அயல்நாட்டார் நம்மைப் பற்றிக் கேள்விப்பட்டதை எல்லாம் ஒரே ஆளின் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

அந்த எண்மரில் பெண் ஒரே ஒருத்தி, சீனாவைச் சேர்ந்த சுன் லீ. தந்தையைக் கொன்ற கொடியவனைத் தேடிவரும் காவல் அதிகாரி. ஆண்களைவிட வலுவில் குறைந்தவளாக அவளைப் படைக்கவில்லை. வேகத்தில் அவளுக்கு நிகரானவர்கள் குறைவு. வென்றதும் வீரவசனம் பேசாமல், நம்மைப் போலவே துள்ளிக் குதித்துச் சிரிப்பாள். அடுத்த பெண் வீராங்கனை வந்து சேர 1993 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 1991லேயே பெட்டிக்குள் ஒரு பெண்ணுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். பெட்டிக்கு வெளியே நிலைமை என்ன? கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு உறவினர் கூடும் வீடுகளைப் பாருங்கள். இரண்டு கைப்பிடியும் பையன்கள் கையில் இருக்கும். எங்களை முறுக்குப் பிழிய அழைப்பார்கள். "பொம்பளப் புள்ளைக்குக் குத்துச்சண்டை என்னத்துக்கு?" என்று பாட்டி கேட்பார். பாட்டியோடு எனக்குச் சண்டையில்லை, முறுக்கும் எனக்குப் பிடிக்கும். ஆனால் மாவு பிசையத் தம்பியையும் அழைக்கலாமே! பிறர் மனத்தைப் படிப்பதும், பொறுத்திருந்து நேரம் பார்ப்பதும் பெண்களுக்கு ஆகாத கலைகளா?

படிப்பு கெடும் என்பார்கள். பொதுத்தேர்வு எழுதப்போகும் எனக்கும் அக்கவலை உண்டு. ஆனால் இதில் ஒரு சுற்றின் கடிகாரம் 99இலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்து தானே முடிந்துவிடும். மூன்றில் இரண்டு சுற்று வென்றால் ஆட்டம் தீர்ந்தது. நாள் கணக்கில் முடிவே இல்லாமல் இழுத்துச் செல்லும் இக்கால விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ நாணயமானது. சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடவும் முடியாது. 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இதே வரிசையின் ஐந்தாம் ஆட்டம் பதக்கப் போட்டியாக இடம்பெற்றது. தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான் வூவுக்கு அப்போது வயது 44!

எனவே தாய்மார்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் மகளுக்குப் பக்கத்தில் அமர்ந்து இரண்டாவது கைப்பிடியை நீங்களே எடுத்துப் பாருங்கள். முதல் நாளே ரஷ்ய மல்லர் சாங்கீஃப் வேண்டாம். எதிரியின் அருகில் போய்ச் சேர்வதற்குள் அவரைப் பாதி உயிராக்கிவிடுவார்கள். சுன் லீயைத் தேர்ந்தெடுங்கள். உதைக்கும் பொத்தான் ஒன்றை விடாமல் வேகமாகத் தட்டினாலே அவள் கால்கள் மின்னலாய்ச் சுழலும், மகளே திணறிப் போவாள்.